ஈறு நோயில் வெள்ளை அணுக்கள் ஏன் தோற்கின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஈறு நோய் முற்றினால் சீழ் வருகிறது. சீழ் என்பதே பெரும்பாலும் வெள்ளை அணுக்கள்தான். அவ்வளவு வெள்ளை அணுக்கள் வந்து குவிந்தும் பாக்டீரியா ஏன் ஒழியவில்லை? பாக்டீரியாவின் நச்சு அவற்றைக் கொன்றுவிடுகிறதா?

கொல்லும் நச்சும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களின் ஈறில் நடப்பது வேறு. வெள்ளை அணு உயிரோடுதான் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது, கையிலிருக்கும் ஆயுதத்தை எல்லாம் வீசுகிறது. பாக்டீரியாவை விழுங்குவதை மட்டும் நிறுத்திவிடுகிறது. வீசிய ஆயுதம் ஈறிலும் எலும்பிலும் போய் விழுகிறது. பல் ஆடுவதற்குக் காரணம் பாக்டீரியா எலும்பைத் தின்பது என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பைக் கரைப்பது நம் உடம்பின் அணுக்களே. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான் இது. பாக்டீரியா செய்வது வேலியைப் பயிர்ப்பக்கம் திருப்பிவிடும் வேலை.

சண்டை நடக்கும் இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். நோய் வந்தால் ஈறு வேரிலிருந்து பிரிந்து இடுக்கு ஆழமாகி, பை போல ஆகிவிடும். பல் டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் எண் சொல்லிக் குறிக்கச் சொல்வது இந்த ஆழத்தைத்தான். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும்.

நோயே இல்லாத இடுக்கிலும் வெள்ளை அணுக்கள் சும்மா இருப்பதில்லை. நியூட்ரோபில் என்ற வகை ரத்தக்குழாயை விட்டு வெளியேறி, ஈறின் திசு வழியாக நகர்ந்து வந்து, பல்லை ஒட்டி ஒரு சுவர் போல அணிவகுத்து நிற்கும். நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளை அணுக்கள் இப்படி வாய்க்குள் வந்து சேர்கின்றன என்று 1970 வாக்கில் கணக்கிட்டார்கள். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில்களைத் தயாரிக்கிறது என்பதால் இந்தச் செலவு உடம்புக்குப் பெரிதில்லை. பல் துலக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது என எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் காவல் இது.

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பிறவி நோய் காட்டுகிறது. சில குழந்தைகளுக்கு வெள்ளை அணுவின் மேற்பரப்பில் சிடி18 என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியேற நியூட்ரோபிலுக்கு அந்தப் புரதம் வேண்டும். அது இல்லாத குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். ஈறிலோ ஒன்றும் இருக்காது. பால் பற்களே ஆடி விழுந்துவிடும். ஆக வெள்ளை அணு வராவிட்டாலும் பல் போகிறது, வந்து கெட்டுப்போனாலும் போகிறது. சிடி18 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதே புரதம் எதிரியின் கைப்பிடியாக வரும்.

இனி நேரடியாகக் கொல்லும் நச்சு. அதைச் சுரக்கும் பாக்டீரியாவின் பெயர் வாயில் நுழையாது: அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசிடெம்காமிடன்ஸ். துறையில் இருப்பவர்களும் ‘ஏ.ஏ.’ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அதன் நச்சுக்கு லூக்கோடாக்சின் என்று பெயர். வெள்ளை அணுவுக்கான விஷம் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

இந்த நச்சு 1,055 அமினோ அமிலங்கள் கோர்த்த நீளமான புரதம். எல்லா அணுவையும் இது தாக்குவதில்லை. மனிதன் மற்றும் நெருங்கிய குரங்கினங்களின் வெள்ளை அணுக்களைத்தான் குறிவைக்கிறது. எலியின் வெள்ளை அணுவுக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. எப்படி இவ்வளவு துல்லியம்? வெள்ளை அணுவின் மேல் எல்.எஃப்.ஏ-1 என்றொரு ஏற்பி, அதாவது வெளியே இருப்பதைப் பிடிக்கும் கொக்கி, இருக்கிறது. இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி அது. ஜோடியில் ஒன்று, மேலே சொன்ன சிடி18. ரத்தக்குழாயை விட்டு வெளியே வர வெள்ளை அணு எதைக் கையாகப் பயன்படுத்துகிறதோ, அதே கையைத்தான் நச்சு வந்து பிடிக்கிறது. கை இல்லாத அணு ஈறுக்கு வரவே முடியாது. கை உள்ள அணு வந்தால் மாட்டிக்கொள்ளும். இதை முதன்முதலாகப் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சரியான இடத்தைப் பரிணாமம் கண்டுபிடித்திருக்கிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

பிடித்த பிறகு நடப்பது, நச்சின் அளவையும் அணுவின் வகையையும் பொறுத்தது. நச்சு அதிகமாக இருந்தால் சவ்வில் ஓட்டை விழும். உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஒழுகும், கால்சியம் உள்ளே புகும், அணு ஊதி வெடிக்கும். குறைவாக இருந்தால் லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு போன்றவை தங்களைத் தாங்களே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் வழிக்குப் போகும். நியூட்ரோபில் சாகும்போது சும்மா சாவதில்லை. அதன் வயிற்றுக்குள் சிறுசிறு பொட்டலங்களாக நொதிகள் இருக்கும். எலாஸ்டேஸ், கொலாஜனேஸ் எல்லாம் பாக்டீரியாவோடு போராடவும் திசுவுக்குள் வழி உண்டாக்கவும் வைத்திருப்பவை. அந்தப் பொட்டலங்கள் மொத்தமாகப் பிரிந்து வெளியே கொட்டும். ஈறையும் பல்லையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நாரே கொலாஜன்தான் என்பதால், கொட்டிய நொதிக்கு முதல் இரை அதுவே.

இதைவிட மோசமானது, பாக்டீரியாவை விழுங்கும் பெரிய வெள்ளை அணுவான மேக்ரோபேஜிலும், அதன் முன்னோடியான மோனோசைட்டிலும் நடப்பது. நச்சு பட்டதும் அந்த அணுவுக்குள் காஸ்பேஸ்-1 என்ற கத்தரிக்கோல் விழித்துக்கொள்கிறது. அது இன்டர்லூகின்-1 பீட்டாவை வெட்டி, வேலை செய்யும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு அணு செத்துக்கொண்டே அதை ஏராளமாக வெளியே விடுகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களான ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளை ஏவிவிடும் சமிக்ஞைகளில் மிகப் பலமானது இந்த இன்டர்லூகின். பாதுகாவலன் சாகும்போது கடைசியாக எழுப்பும் கூச்சலே எலும்பை அழிக்கும் உத்தரவாகப் போய்ச் சேருகிறது.

ஏ.ஏ. எல்லாம் ஒரே அளவு நச்சைச் சுரப்பதில்லை. ஜேபி2 என்ற ஒரு வகையில், நச்சு மரபணுவுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் 530 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அதனால் கட்டுப்பாடு தளர்ந்து நச்சு பலமடங்கு சுரக்கிறது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும், அங்கிருந்து சென்ற மக்களின் வம்சாவளியிலும் இந்த வகை அதிகம். மொராக்கோவில் பதின்பருவத்தினரை 2 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஆரம்பத்தில் ஈறு நன்றாக இருந்தவர்களில், ஜேபி2 வகையை மட்டும் சுமந்தவர்களுக்குப் பல்லின் பிடிமானம் குறையத் தொடங்கும் வாய்ப்பு, ஏ.ஏ. இல்லாதவர்களைவிடச் சுமார் 18 மடங்கு அதிகமாக இருந்தது. சாதாரண ஏ.ஏ. சுமந்தவர்களுக்கு அது 3 மடங்குதான். ஒரே பாக்டீரியா, நச்சின் அளவுதான் வேறு. நச்சுக்கும் நோய்க்கும் உள்ள உறவுக்கு இதைவிடத் தெளிவான சான்று மனிதர்களிடம் கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

இளம் வயதில், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அதிகம் இல்லாமலேயே, முதல் கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் ஆடத் தொடங்கினால் டாக்டர்கள் ஏ.ஏ.வைச் சந்தேகிப்பது இதனால்தான். அதே பாக்டீரியாவிடம் இன்னொரு நச்சும் உண்டு. அது அணுவுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, அணு பிரிவதை நடுவழியில் நிறுத்திவிடும். எதிரியை அடையாளம் கண்டதும் லிம்போசைட் பெருக வேண்டும் அல்லவா? அந்தப் பெருக்கம் அங்கேயே நின்றுபோகும்.

சரி, இது சிலருக்கு. நடுவயதில் பெரும்பாலானவர்களுக்கு வரும் நாள்பட்ட ஈறு நோயில் முக்கியப் புள்ளி வேறொருவர்: போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இனி ‘ஜிஞ்சிவாலிஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இதனிடம் வெள்ளை அணுவை வெடிக்க வைக்கும் நச்சு கிடையாது. அதற்குப் பதில் ஜிஞ்சிபெய்ன் எனப்படும் புரதம் வெட்டும் நொதிகள் மூன்று இருக்கின்றன. இரண்டு ஆர்ஜினின் இருக்கும் இடத்தில் வெட்டும், ஒன்று லைசின் இருக்கும் இடத்தில் வெட்டும். நச்சு என்ற சொல்லைக் கறாராகப் பயன்படுத்துபவர்கள் இவற்றை நச்சு என்று சொல்லமாட்டார்கள். வெள்ளை அணுவின் பக்கம் நின்று பார்த்தால் இவற்றைவிடப் பெரிய நச்சு இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்றொரு புரதக் கூட்டம் உண்டு. அதில் சி5 என்பதை வெட்டினால் சி5ஏ என்ற துண்டு கிடைக்கும். ‘இங்கே வா, எதிரி இருக்கிறான்’ என்று வெள்ளை அணுவைக் கூப்பிடும் மணி அது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் பாக்டீரியா இந்த மணியை உடைக்கத்தான் பார்க்கும். ஜிஞ்சிவாலிஸ் மணியைத் தானே அடிக்கிறது. ஜிஞ்சிபெய்னால் சி5-ஐ வெட்டி சி5ஏ-வைத் தயாரிக்கிறது. தன் எதிரியைத் தானே வீட்டுக்குக் கூப்பிடுவது போல.

சூது அடுத்த அடியில் இருக்கிறது. நியூட்ரோபில் பக்கத்தில் வந்ததும் அதன் மேலுள்ள இரண்டு ஏற்பிகளை ஜிஞ்சிவாலிஸ் ஒரே நேரத்தில் அழுத்துகிறது. ஒன்று சி5ஏ-வின் ஏற்பி, மற்றது பாக்டீரியாவை உணரும் டி.எல்.ஆர்-2. இரண்டும் தனித்தனியாக அழுந்தினால் அணு சரியாக வேலை செய்யும். சேர்ந்து அழுந்தினால் உள்ளே கம்பி மாறிவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் உத்தரவைக் கடத்தும் மைடி88 என்ற புரதத்தை அணுவே சிதைத்துவிடுகிறது. இன்னொரு வழி திறந்துகொள்கிறது. அந்த வழி அழற்சியைத் தூண்டும், ஆனால் அணுவின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகள் திரள்வதைத் தடுத்துவிடும். ஆக்டின் திரளாவிட்டால் அணுவால் வாயைத் திறந்து எதையும் விழுங்க முடியாது. 2014-ல் வெளியான ஆய்வில் இது படிப்படியாகத் தெளிவானது.

ஒரு நியூட்ரோபிலை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். முன்னால் பாக்டீரியா இருக்கிறது, தொட்டுவிடும் தூரம். வழக்கமாக அணு தன் சவ்வை இரு பக்கமும் நீட்டி, கோப்பை போல ஆக்கி, பாக்டீரியாவைச் சுற்றி மூடும். இப்போது சவ்வு நீளவில்லை. பாக்டீரியா அப்படியே நிற்கிறது. ஆனால் அணு இன்டர்லூகின்களை விட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் மேலும் நியூட்ரோபில்கள் வருகின்றன, அவையும் இதே நிலைக்கு ஆளாகின்றன. பக்கத்தில் நிற்கும் மற்ற பாக்டீரியாக்களும் பிழைத்துக்கொள்கின்றன. ஒருவன் செய்த ஏற்பாட்டில் ஊரே தப்பிக்கிறது.

கேள்வி எழலாம்: விழுங்குவதைத் தடுத்தால் போதாதா, அழற்சியை ஏன் விட்டுவைக்க வேண்டும்? ஏனென்றால் அழற்சிதான் அதற்குச் சாப்பாடு. ஜிஞ்சிவாலிஸ் சர்க்கரையில் வாழும் பாக்டீரியா இல்லை. புரதத் துண்டுகளும், ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளில் உள்ள ஹீமும்தான் அதற்கு வேண்டும். ஈறு வீங்கிக் கசிந்தால் புரதம் வரும், ரத்தம் வந்தால் ஹீம் வரும். நோய் எதிர்ப்பை முழுவதும் அணைத்துவிட்டால் அது பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதனால் அடுப்பை அணைக்காமல், சமையலை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் என்னை எப்போதும் கவரும். இந்த வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கும். ‘எண்டோடாக்சின்’ என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். சாதாரண குடல் பாக்டீரியாவான ஈ.கோலியில் இதன் அடிப்பகுதியில் 6 கொழுப்பு வால்கள் உண்டு. வெள்ளை அணுவின் டி.எல்.ஆர்-4 ஏற்பி அதைக் கண்டதும் அலறும். ஜிஞ்சிவாலிஸ் 5 வால் உள்ளதையும் 4 வால் உள்ளதையும் மாற்றி மாற்றித் தயாரிக்கும். 5 வால் ஏற்பியை மெதுவாகத் தூண்டும். 4 வால் அந்த ஏற்பியில் உட்கார்ந்து அதை அடைத்துவிடும். ஹீம் அதிகமாகக் கிடைக்கும்போது 4 வால் பக்கம் சாய்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அதாவது ஈறில் ரத்தம் கசியும் சூழல், பாக்டீரியாவின் முகமூடியை இன்னும் கெட்டியாக்கக்கூடும்.

எண்ணிக்கையில் இந்தப் பாக்டீரியா அதிகம் இருக்குமோ என்று நினைப்பீர்கள். இல்லை. 2011-ல் வெளியான எலி ஆய்வில், வாயிலுள்ள மொத்தப் பாக்டீரியாவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தபோதே மற்றப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் சேர்க்கையும் மாறி, எலும்பு கரைந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு ஜிஞ்சிவாலிஸை மட்டும் கொடுத்தபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சி5ஏ-வின் ஏற்பி இல்லாத எலிகளும் தப்பித்தன. நோயை உண்டாக்குவது அந்த ஒரு பாக்டீரியா அல்ல, அது கெடுத்துவைத்த கூட்டம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எனக்கும் அதன் பிறகுதான் ஈறு நோயைத் தொற்று என்று மட்டும் சொல்வதில் தயக்கம் வந்தது.

கூட்டத்தில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு. ஈறுப் பையிலிருந்து எடுத்த படிவில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், திருகு போன்ற மெல்லிய பாக்டீரியாக்கள் நெளிந்து ஓடுவது தெரியும். ட்ரெபொனிமா வகை அவை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நடுநடுவே உருண்டையாக, சிறுமணிகள் நிறைந்து, நியூட்ரோபில்கள் கிடக்கும். ட்ரெபொனிமாவின் வெளிச்சுவர்ப் புரதம் ஒன்று, நியூட்ரோபில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று திசை பார்க்கும் திறனையே குழப்பிவிடுகிறது. வேறு சில பாக்டீரியாக்கள், தங்களைப் பிடிக்க நியூட்ரோபில் வீசும் டி.என்.ஏ. வலையை அறுக்கும் நொதியை வைத்திருக்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். ‘நோய் எதிர்ப்பு சக்தி குறைந்ததால் ஈறு கெட்டது, சக்தியைக் கூட்டும் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?’ என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். மேலே சொன்னதைப் படித்தால் பதில் தெரியும். உங்கள் ஈறில் எதிர்ப்புக்குப் பஞ்சம் இல்லை. குறி தவறிய எதிர்ப்பு அளவுக்கு மீறி இருக்கிறது. அதை மேலும் கூட்டினால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், புகைபிடித்தல் இரண்டும் வெள்ளை அணுவின் வேலையைக் கெடுப்பவை என்பதால், அவற்றைச் சரிசெய்வது உண்மையிலேயே உதவும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும். அதை ஆரோக்கியம் என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம்.

வெறும் ஆன்டிபயாடிக் மட்டும் ஏன் போதாது என்பதும் இதனால் புரியும். பாக்டீரியாக்கள் வேரின் மேல் பிசின் போன்ற படிவுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. மருந்து உள்ளே சரியாக இறங்காது. அந்தப் படிவையும், கல்லாக இறுகிய காரையையும் வேரிலிருந்து சுரண்டி எடுத்தால்தான் சுழற்சி உடையும். சுரண்டிய பிறகு கசிவு குறைகிறது, கசிவு குறைந்தால் புரதமும் ஹீமும் குறைகின்றன, அவற்றை நம்பியிருந்த பாக்டீரியாக்கள் மெலிகின்றன. ஏ.ஏ. பிடித்த இளம் வயதினருக்கு மட்டும் நிலைமை சற்று வேறு. அது திசுவுக்குள்ளும் புகக்கூடியது என்பதால், சுத்தம் செய்வதோடு அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. அதை டாக்டர் தீர்மானிக்கட்டும், நீங்களே கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. 1965-ல் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வார அளவில் பழைய நிலைக்கு வந்தது. எலும்பு கரையும் முன் பிடித்துவிட்டால் வெள்ளை அணுக்கள் தாமாகவே பழைய ஒழுங்குக்குத் திரும்புகின்றன. எலும்பு கரைந்த பிறகு அவ்வளவு சுலபம் இல்லை.

மருந்துத் துறையும் இப்போது பாக்டீரியாவைவிட, கெட்டுப்போன எதிர்ப்பின் பக்கம்தான் பார்வையைத் திருப்பியிருக்கிறது. டாக்சிசைக்ளின் மருந்தை 20 மி.கி. என்ற சிறு அளவில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கொடுப்பது பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த அளவுக்குப் பாக்டீரியா சாகாது. நியூட்ரோபில் கொட்டும் கொலாஜனேஸைத்தான் அது அடக்குகிறது. அப்புறம் காம்ப்ளிமென்ட் கூட்டத்தின் நடுவில் இருக்கும் சி3-ஐத் தடுக்கும் ஏ.எம்.ஒய்-101 என்ற மருந்து. சி3-லேயே தொடரை நிறுத்தப் பார்க்கும் முயற்சி இது. ஈறு அழற்சி உள்ளவர்களுக்கு வாரம் ஒரு ஊசி வீதம் 3 வாரம் ஈறிலேயே போட்டுப் பார்த்த 2-ஆம் கட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. அழற்சியும் ரத்தக்கசிவும் குறைந்தன. ஊசியை நிறுத்திய பிறகும், ஆய்வு முடிந்த 90-ஆம் நாள் வரை அந்தக் குறைவு நீடித்தது.